மட்டக்களப்பில் வாவிப் படகுப் பயணத்துக்கு முன் ஒரு நாள் கையில் இருந்தால் எங்கே போகலாம், என்ன சாப்பிடலாம்?

கேட்டவர் கொழும்பிலிருந்து குடும்பத்தோடு எட்டுப் பேராக வருகிறார். பிற்பகல் உதயதேவி ரயிலில் இறங்குகிறார்கள். மறுநாள் மாலை நான்கரைக்கு ஒரு சிறிய படகில் வாவியைச் சுற்றிப் பார்க்க ஒழுங்கு செய்திருக்கிறார்கள். இடையில் இருக்கும் நேரத்தில் பாசிக்குடாவுக்குப் போய்வரலாமா, சாப்பாட்டுக்கு என்ன செய்யலாம் என்பது கேள்வி.

பாசிக்குடாவை இந்தமுறை விட்டுவிடுங்கள். அருமையான கடல்தான், ஆனால் நகரிலிருந்து வடக்கே 35 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. பிள்ளைகள் அந்தத் தண்ணீரில் ஒருமுறை இறங்கினால் இலேசில் கரையேற மாட்டார்கள். போன வருடம் என் மாமி குடும்பம் இதைத்தான் செய்தது. காலையிலேயே பாசிக்குடாவுக்குப் போய், வெயிலில் கிடந்து, ஐந்து மணி தாண்டித்தான் படகடிக்கு ஓடி வந்தார்கள். படகோட்டி பொறுமையாக நின்றது அவர்கள் அதிர்ஷ்டம். படகு நகர்ந்ததும் பாதிப் பேர் நித்திரை. சின்னவன் கரையைக் காட்டி "அது என்ன கோட்டை?" என்று கேட்டிருக்கிறான், பதில் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. "மனே, அந்தக் கோட்டைக்குள்ள ஒருக்கா போய்ப் பார்ப்பமா?" என்று மாமி என்னிடம் கேட்டது ஸ்டேஷனில், இரவு ரயில் ஏறும் நேரத்தில்.

அன்றிலிருந்து வருகிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். முதலில் ஊரை நடந்து பாருங்கள், பிறகு படகேறுங்கள். இந்த வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளம். அதன் கிழக்குக் கரை எழுவான்கரை, மேற்குக் கரை படுவான்கரை. சூரியன் எழுகிற பக்கம், படுகிற பக்கம். ஊரே தண்ணீரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறது. காலையில் காலால் நடந்த இடத்தை மாலையில் தண்ணீரிலிருந்து திரும்பிப் பார்க்கும்போது வருகிற சந்தோஷம் தனி.

வந்திறங்கிய அன்று மாலை வேறு எதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் கல்லடிப் பாலத்துக்கு வாருங்கள். இரண்டு பாலங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். புதியது 2013ல் திறந்தது. பழைய இரும்புப் பாலம் வெள்ளைக்காரர் காலத்தது, ஆளுநர் மன்னிங்கின் மனைவி பெயரில் லேடி மன்னிங் பாலம் என்பார்கள். நான் பள்ளிக்கூடம் போனது அந்தப் பழைய பாலத்தில் சைக்கிள் மிதித்துத்தான். ஒரே நேரத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள்தான் போகும், மறுபக்கம் காத்து நிற்கும். அப்படி நிற்கிற நேரத்தில் கம்பியில் சாய்ந்து தண்ணீரைப் பார்த்தே நாங்கள் வளர்ந்தோம். ஆறு மணியளவில் நில்லுங்கள், படுவான்கரைப் பக்கம் வானம் சிவந்து கிடக்கும்.

நீங்கள் வருகிற நாள் பௌர்ணமியை ஒட்டியிருந்தால் இரவும் அங்கேயே போங்கள். மீன் பாடும் தேன் நாடு என்று ஊருக்குப் பெயர் வந்தது இந்த இடத்தால்தான். 1848ல் இங்கே வந்த, பிரித்தானிய ஆட்சியின் குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ட், கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈர விரலால் தேய்த்தால் எழுகிற மாதிரியான நாதம் தண்ணீருக்கடியிலிருந்து வந்ததாக எழுதிவைத்தார். அது ஊரி என்கிற சிறு சிப்பியினத்தின் சத்தம் என்று அன்றைய மீனவர்கள் அவருக்குச் சொன்னார்கள். பிறகு 1950களில் லாங் என்ற அமெரிக்க இயேசு சபைக் குருவானவர் அதை ஒலிப்பதிவும் செய்தார். மீனா, ஊரியா, பாறை இடுக்கில் ஓடுகிற தண்ணீரா என்பது இன்னும் முடிவாகவில்லை. நான் ஒரே ஒருமுறை கேட்டிருக்கிறேன், பதினான்கு வயதில். ஒரு வயதான மீனவர் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மற்ற நுனியை என் காதில் வைத்தார். "மூச்சப் புடிச்சிக் கேளு மனே" என்றார். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் தம்புராவை எங்கோ தூரத்தில் மீட்டுகிற மாதிரி ஒரு ரீங்காரம் வந்தது. இப்போது பாலத்தில் வாகன இரைச்சல் கூடிவிட்டது, ஆகவே மேலே நின்று கேட்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள். காற்றில்லாத இரவில், நேரம் கடந்து, தோணியில் இறங்கினால்தான் வாய்ப்பு. கேட்காவிட்டாலும் நிலவில் வாவியைப் பார்த்ததாக இருக்கும்.

அந்த இரவுச் சாப்பாட்டுக்குக் காத்தான்குடி நல்லது. கல்லடியிலிருந்து ஆட்டோவில் சில நிமிடங்கள்தான். பிரதான வீதி நடுவே பேரீச்சை மரங்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்ததும் ஊர் வந்துவிட்டது என்று தெரியும். கொத்து ரொட்டித் தகரம் தட்டுகிற சத்தம் கேட்கிற இடத்தில் உட்காருங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு வட்டிலப்பம் கிடைத்தால் தவறவிட வேண்டாம்.

மறுநாள் விடியலில் கல்லடிக் கடற்கரை. ஐந்தே முக்காலுக்கு முன் போய்விடுங்கள், சூரியன் நேராகக் கடலில் இருந்து எழும்பும். முதல்நாள் மாலை வாவியில் விழுந்த அதே சூரியன். அங்கே திருச்செந்தூர் முருகன் ஆலயத்துக் கோபுரம் சாய்ந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். 2004 டிசம்பர் 26 அலை சாய்த்தது அது. பக்கத்தில் நாவலடி முழுவதும் அன்று அழிந்துபோனது. எங்கள் சொந்தக்காரர் சிலரும் அன்று போனார்கள். அங்கே நின்று படம் எடுக்கலாம், ஆனால் கொஞ்சம் அமைதியாக எடுங்கள். இந்தக் கடலின் அடியில்தான் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9ல் ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தன. பெரியவர்களுக்கு இதைச் சொல்லுங்கள், கடலைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும்.

திரும்பும் வழியில் கல்லடி உப்போடையில் சுவாமி விபுலானந்தரின் சமாதி. காரைதீவில் 1892ல் பிறந்து, பழந்தமிழர் யாழை ஆராய்வதில் பல ஆண்டுகளைச் செலவிட்டு, 1947ல் மறைந்தவர். பத்து நிமிடம் போதும். எனக்கு அந்த இடம் பிடிக்கும். வேறு எதற்காக அந்தப் பக்கம் போனாலும் இறங்கிவிட்டுத்தான் வருவேன்.

காலைச் சாப்பாடு இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும். பெரிய ஹோட்டல்களில் ரொட்டித் துண்டும் பட்டரும் வைப்பார்கள், அதற்காக இவ்வளவு தூரம் வரவேண்டாம். சின்னக் கடைகளில் ஏழு மணிக்குப் போனால் சுடச்சுடக் கிடைக்கும், ஒன்பதுக்குப் போனால் தீர்ந்திருக்கும்.

சரி, இப்போது புளியந்தீவு. பெயரே சொல்கிறது, இது வாவிக்குள் இருக்கிற தீவு. பாலம் வழியாக நுழைவதால் பலருக்குத் தீவுக்குள் வந்தது தெரிவதில்லை. எட்டரைக்குத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம். முதலில் கோட்டை. 1602ல் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்துக் கப்பல் தலைவர் இந்தக் கரையில்தான் இறங்கினார். கண்டி அரசனைத் தேடி வந்தவர். 1628ல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினார்கள். பத்தே வருடத்தில், 1638 மே மாதம், ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இலங்கையில் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றிய முதல் கோட்டை இது. இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி. எங்களுக்குச் சின்ன வயதில் அது கோட்டை இல்லை, கச்சேரி, அதாவது அரசாங்க அலுவலகம். பிறப்புப் பத்திரம் எடுக்க அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போன இடம். மதில் மேல் ஏறி பீரங்கிப் பக்கத்தில் நின்று வாவியைப் பாருங்கள். மாலையில் உங்கள் படகு வரப்போகிற தண்ணீர் அதுதான். சின்னவர்களிடம் அதைச் சொல்லி வையுங்கள்.

அங்கிருந்து நடந்தே மட்டக்களப்பு வாசலுக்கு வரலாம். வெளியூரிலிருந்து வாவி வழியே வந்தவர்கள் இறங்கிய துறை. பக்கத்தில் வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் சிலை. 1814ல் தனியாக வந்து பள்ளிக்கூடங்கள் தொடங்கி, ஓராண்டு முடியுமுன்னே இங்கேயே இறந்துபோனவர். மெதடிஸ்த மத்திய கல்லூரி அவர் தொடங்கியதிலிருந்து வந்தது. காந்தி பூங்காவில் நிழலும் உட்கார வாங்குகளும் இருக்கும், வயதானவர்களை அங்கே இருத்திவிட்டு மற்றவர்கள் மரியாள் பேராலயம் வரை போய்வரலாம். மாமாங்கேஸ்வரர் கோயிலுக்கும் போக ஆசை என்றால் ஆட்டோ பிடித்து அமிர்தகழிக்குப் போங்கள். தீர்த்தக் குளத்துப் படியில் சற்று உட்கார்ந்துவிட்டு வாருங்கள். ஆடி அமாவாசையில் அங்கே கால் வைக்க இடம் இருக்காது.

மதியச் சாப்பாடுதான் முக்கியம். இதில் அவசரப்பட்டால் மட்டக்களப்புக்கு வந்ததில் பாதி வீண். நாங்கள் குழம்பை ஆணம் என்போம். கடையில் "இன்றைக்கு வாவி மீன் என்ன இருக்கு?" என்று கேளுங்கள், "மீன் இருக்கா?" என்று கேட்காதீர்கள். வாவி மீனுக்குக் கடல் மீனிலிருந்து வேறொரு ருசி. சோறு, மீன் ஆணம், இறால் பொரியல், முருங்கையிலைச் சுண்டல், கடைசியில் ஒரு கரண்டி புளியாணம். கூனிச் சுண்டல் இருந்தால் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். நகத்தளவு கூட இல்லாத குட்டி இறால் அது, தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் போட்டுச் சுண்டினால் அதற்காகவே இன்னொரு பிடி சோறு போகும். நண்டைப் பற்றி ஒரு விஷயம். நிலவு காலத்து நண்டில் சதை இருக்காது என்பது எங்கள் பெரியவர்களின் கணக்கு. மீன் பாட்டுக்கு நிலா வேண்டும், நண்டுக்கு இருட்டு வேண்டும். பௌர்ணமியை ஒட்டி வந்தால் நண்டை விட்டு இறாலுக்குப் போங்கள். எட்டுப் பேர் என்றால் காலையிலேயே கடையில் சொல்லி வைப்பது நல்லது. போயா தினமாக, அதாவது பௌர்ணமி விடுமுறையாக இருந்தால் எது திறந்திருக்கும் என்று முதல்நாளே விசாரியுங்கள்.

எருமைத் தயிரை மீன் சாப்பாட்டோடு சேர்க்காதீர்கள். இரண்டையும் ஒரே இலையில் வைக்க என் அம்மம்மா விட்டதே இல்லை, நானும் விடுவதில்லை. சட்டியைச் சரித்தாலும் கொட்டாத கட்டித் தயிர் அது, சர்க்கரையோ பாணியோ விட்டுத் தனியாகச் சாப்பிடுங்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பின் பத்து மணிக்கு என்றால் சரியான நேரம்.

இரண்டிலிருந்து நான்கு வரை படுத்து எழும்புங்கள். ஆனி ஆடியில் வருகிறீர்கள் என்றால் கச்சான் காற்று வெக்கையோடு அடிக்கும், அந்த நேரத்தில் வெளியே திரிந்தால் படகில் ஏறும் முன்பே களைத்துவிடுவீர்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி, அப்போது படகோட்டியிடம் காலையிலேயே வானிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படகில் உயிர்காப்பு அங்கி எட்டுப் பேருக்கும் இருக்கிறதா என்று ஏறும் முன் எண்ணிப் பாருங்கள். குழந்தைக்குப் பெரியவர் அளவு அங்கியைக் கட்டி அனுப்பினால் ஏறாதீர்கள். வாவியில் முதலை உண்டு, ஆகவே கையைத் தண்ணீரில் விட்டு அளைய வேண்டாம். பாதையைத் தெரிவு செய்யச் சொன்னால், வாவி கடலோடு சேர்கிற முகத்துவாரம் பக்கம் கேளுங்கள். கண்டல் மரங்களுக்கு இடையில் ஒடுங்கிப் போய், பாலமீன்மடுவில் 1913ல் கட்டிய வெளிச்சவீடு தெரிகிற இடத்தில் எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் மணல்திட்டுக்கு அப்பால் கடலின் இரைச்சல். கோடையில் அந்தத் திட்டு வாயை மூடிவிடும், மாரியில் வெள்ளம் ஏறினால் வெட்டித் திறப்பார்கள். திரும்பும்போது முந்தின மாலை நீங்கள் சாய்ந்து நின்ற பாலத்தை நோக்கி வருவீர்கள்.

மட்டக்களப்பார் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று வெளியூரில் ஒரு பேச்சு உண்டு. மந்திரம் என்று நினைத்துச் சொல்வது. எங்கள் வீடுகளில் இரண்டாவது முறை சோறு போட்டபின் எழும்ப முடியாமல் போவதைத்தான் அது சொல்கிறது என்று நான் நம்புகிறேன். தெரிந்தவர் யாராவது இங்கே இருந்தால் கடையை மறந்துவிட்டு ஒரு நேரம் அவர்கள் வீட்டில் சாப்பிடுங்கள்.

இரவு ரயிலில் திரும்புவதென்றால் தயிர்ச் சட்டி வாங்கும்போது வாயைக் கடதாசி போட்டு இறுக்கிக் கட்டித் தரச் சொல்லுங்கள். பையில் அடியில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், கொழும்பு வரை பத்திரமாகப் போகும்.