கணினி கேள்வி-பதில்: கையேடு கடைமடைக்கும் வர வேண்டும்

கேள்வி: அக்கா, பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் நிரல் ஒன்றை நண்பர்களோடு சேர்ந்து திறமூலமாக (யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று) வெளியிட்டிருக்கிறேன். கையேடும் எழுதினோம். ஆறு மாதத்தில் நிரல் எவ்வளவோ மாறிவிட்டது, கையேடு அப்படியே நிற்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், மன்னார்குடி

பதில்: தம்பி, கையேட்டை எங்கே வைத்திருக்கிறீர்கள்? தனியாக ஒரு வேர்டு கோப்பில் என்றால் முதலில் அதை மாற்றுங்கள். நிரலையும் அதில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கிட் களஞ்சியத்துக்குள்ளேயே, மார்க்டவுன் என்ற எளிய உரை வடிவில் எழுதி வையுங்கள். நிரலைத் திருத்தும் கமிட்டிலேயே, அதாவது அந்த மாற்றத்தைப் பதியும்போதே, கையேட்டில் அதற்குரிய வரியும் திருந்த வேண்டும். அது இல்லாமல் வரும் மாற்றத்தை, எவ்வளவு நல்ல மாற்றமானாலும், சேர்க்காதீர்கள்.

இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் ஒரு கட்டற்ற மென்பொருளுக்கு நான் கையேடு எழுதினேன். காப்புப் பிரதி எடுக்கும் கட்டளை அடுத்த பதிப்பில் மாறியது. நான் பக்கத்தைத் திருத்தவில்லை. கும்பகோணத்தில் அச்சகம் வைத்திருந்த ஒருவர் அதைப் பார்த்து அப்படியே அடித்தார். மூன்று வருடமாகச் சேர்த்த கல்யாணப் பத்திரிகை வடிவங்கள் போய்விட்டன. அவர் கோபப்படவில்லை. "நீங்க எழுதினதைத்தானேம்மா செஞ்சேன்" என்றார். அது இன்னும் மனசில் உறுத்துகிறது.

அதனால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் எந்தப் பதிப்புக்கானது, கடைசியாக எந்தத் தேதியில் செய்து பார்த்தது என்று எழுதுங்கள். பழைய பதிப்பின் பக்கங்களை அழிக்க வேண்டாம். பைத்தான் என்ற நிரல்மொழியின் 2ஆம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது. ஆனாலும் 2.7-இன் ஆவணம் பதிப்பு எண்ணோடு இன்றும் இணையத்தில் இருக்கிறது. பதிப்பு எண் போடாத பழைய பாடங்கள்தான் ஆபத்து. பைத்தான் 2-இல் மட்டும் ஓடும், அடைப்புக்குறி இல்லாத 'பிரிண்ட்' வரியைப் பார்த்து பைத்தான் 3-இல் அடித்து, முதல் வரியிலேயே பிழை வந்து, தப்பு தன்னுடையது என்று நினைத்துக் கணினியை மூடிவிட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆவணப் பக்கங்களை உருவாக்கும் ஸ்பிங்க்ஸ் என்ற கருவியில் 'லிங்க்செக்' இருக்கிறது. செத்துப்போன இணைப்புகளைக் காட்டிக்கொடுக்கும். 'டாக்டெஸ்ட்' கையேட்டில் உள்ள பைத்தான் எடுத்துக்காட்டுகளை ஓட்டிப் பார்க்கும். ஆவணங்களை இணையத்தில் வெளியிடும் 'ரீட் தி டாக்ஸ்' தளத்தோடு களஞ்சியத்தை இணைத்துவிட்டால், நீங்கள் மாற்றத்தை ஏற்றியதும் பக்கங்களை அதுவே புதுப்பித்துவிடும். திறமூலத் திட்டங்களுக்குக் காசில்லை.

சரி, இன்னொன்று. என் ஊர் தலைஞாயிறு பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. மேட்டூர் அணை 93.47 டி.எம்.சி.யும் நிரம்பி, வழக்கமான ஜூன் 12 அன்றே திறந்தாலும், "நம்ம வாய்க்காலுக்கு வந்துச்சா?" என்றுதான் அப்பா கேட்பார். கையேட்டையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் போனில் உங்கள் பக்கம் திறக்கிறதா? முப்பது எம்.பி. பி.டி.எஃப். என்றால் திறக்காது. கட்டளைகளை ஸ்கிரீன்ஷாட்டாகப் போட்டால் நகலெடுக்க முடியாது. பார்வையற்றவருக்கு அங்கே ஒன்றுமே இல்லை. படம் வேண்டுமென்றால், அதில் என்ன இருக்கிறது என்று சொல்லும் மாற்று உரை எழுதுங்கள். பாமினியில் தமிழ் வடிவத்துக்குப் பின்னால் இருப்பது ஆங்கில எழுத்துதான்; கையேடே அதில் இருந்துவிட்டால், திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் 'அம்மா'வை எம், கே என்று ஆங்கில எழுத்துகளாகத்தான் வாசிக்கும். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், தமிழும் படிக்கும். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் பக்கத்தை ஒருமுறை கேளுங்கள். எதைத் திருத்த வேண்டும் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கேள்வி: ஆவணம் எழுத நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டுமா?
- கல்லூரி மாணவி, திருவாரூர்

பதில்: வேண்டாம்மா. நேற்று நிறுவி, நாலு இடத்தில் தடுக்கியவர்தான் நன்றாக எழுதுவார். மூன்று மாதம் போனால் தடுக்கிய இடமே மறந்துவிடும். மேலே கேட்டிருக்கும் மன்னார்குடித் தம்பியின் நிரலையே நிறுவிப் பாருங்கள். எந்த வரி புரியவில்லையோ, அதைத் திருத்தி அவருக்கு அனுப்புங்கள்.