20 ஆண்டுகளைக் கடந்த பயணிகள் விமானங்களை ஒரு நிறுவனம் தொடர்ந்து இயக்கலாமா?

இயக்கலாம்; ஆனால், பராமரிப்புச் செலவைத் தட்டிக்கழிக்காத நிறுவனம் மட்டுமே இயக்கலாம். விமானப் பராமரிப்புப் பணியிலிருந்து ஓய்வுபெற்றுத் திருமங்கலத்தில் வசிக்கும் என்னிடம், மதுரையிலிருந்து சென்னைக்கோ துபாய்க்கோ புறப்படும் உறவினர்கள் "அது எந்த வருஷத்து விமானம்?" என்றுதான் கேட்கிறார்கள். வருடத்தைக் காட்டிலும், அது எத்தனை முறை ஏறி இறங்கியது என்பதே முக்கியம்.

ஒவ்வொரு முறை மேலே செல்லும்போதும் உள்ளிருக்கும் காற்றழுத்தத்தால் விமானத்தின் உடல் சற்றே விரிகிறது, இறங்கியதும் சுருங்குகிறது. சென்னை–மதுரை போன்ற குறுந்தூர வழித்தடத்தில் நாளுக்குப் பல முறை பறக்கும் விமானம், நெடுந்தூரம் செல்லும் விமானத்தைவிட விரைவில் களைத்துவிடும். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய் தீவுகளுக்கு இடையே பறந்த அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானத்தின் மேற்கூரை நடுவானில் பிய்ந்து, பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். அந்த விமானத்துக்கு வயது 19தான். ஆனால் 75,000 பறப்புகளை இலக்காக வைத்து வடிவமைக்கப்பட்ட வகையைச் சேர்ந்த அந்த விமானம் 89,680 முறை பறந்திருந்தது, கடலோர உப்புக்காற்றின் அரிப்பும் சேர்ந்துகொண்டது.

முறையாகச் செய்யாத பழைய பழுதுபார்ப்பு இதைவிடவும் ஆபத்தானது. 1980இல் ஓடுபாதையில் வால்பகுதி உரசிய சைனா ஏர்லைன்ஸின் போயிங் 747 விமானத்தில், சேதமடைந்த தகட்டை முறைப்படி வெட்டி அகற்றாமல் அதன்மேல் வேறொரு தகட்டை வைத்து மூடிவிட்டார்கள். 2002இல் அது நடுவானில் சிதறி 225 பேர் இறந்தனர். விமானத்துக்குள் புகைபிடிக்க அனுமதி இருந்த காலத்தில் விரிசல் வழியே கசிந்த புகையின் பழுப்புக் கறை அந்தத் தகட்டின் ஓரத்தில் படிந்திருந்ததும், முந்தைய ஆண்டில் எடுத்த படங்களிலேயே அது தெரிந்ததும் என்னை இன்றும் வேதனைப்படுத்துகின்றன.

பெரிய சோதனையின்போது இருக்கைகளையும் தரைப் பலகைகளையும் கழற்றிவிட்டு, கழிவறைக்கும் சமையற்பகுதிக்கும் அடியில் ஈரம் இறங்கி அரித்த சட்டங்களைப் பார்ப்போம். தகடுகளை இணைக்கும் ரிவெட்டு ஆணிகளைச் சுற்றி, உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கி விரிசலைத் தேடும் எடி கரண்ட் கருவியின் முனையை மெல்ல நகர்த்தினால், கண்ணுக்குத் தெரியாத விரிசலும் திரையில் கோடு துள்ளுவதில் தெரிந்துவிடும். இந்த வேலைக்கு வாரக்கணக்கில் விமானத்தை நிறுத்தியாக வேண்டும், வயது ஏற ஏறச் செலவும் ஏறும்.

புதியது என்பதாலேயே அச்சம் தீர்ந்துவிடாது. 2018, 2019 ஆண்டுகளில் 346 உயிர்களைப் பறித்த இரண்டு 737 மேக்ஸ் விமானங்களும் வாங்கிச் சில மாதங்களே ஆனவை. ஆனால் ஊழியருக்குச் சம்பளமும் உதிரிபாகக்காரருக்குப் பாக்கியும் கொடுக்க முடியாமல், ஒரு விமானத்தின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் பொருத்தும் நிலைக்கு வந்த நிறுவனத்திடம் பழைய விமானம் இருக்கவே கூடாது. பயணியால் இதைக் கண்டறிய இயலாது என்பதால், நிதி நிலை சரியும் நிறுவனங்களின் பழைய விமானங்களை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் முதலில் ஹாங்கர் எனப்படும் பராமரிப்புக் கொட்டகையில் நிறுத்தி, பதிவேடுகளோடு ஒப்பிட்டுச் சோதித்த பிறகே பறக்க அனுமதிக்க வேண்டும்.