தர்மண்டில் பார்க்க வேண்டியது

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இலையுதிர் காலத்தில் மேற்கு வர்ஜீனியாவின் தர்மண்டுக்குப் போயிருந்தேன். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஐந்து. வங்கிக் கட்டடம் நிற்கிறது, வங்கி இல்லை. அங்கிருந்த டன்கிளென் விடுதியில் 14 ஆண்டுகள் ஓயாமல் சீட்டாட்டம் நடந்ததாமே, உண்மையா? இவ்வளவு செழித்த ஊரை எப்படி மனம் வந்து விட்டுப் போனார்கள்? அமெரிக்கர்களுக்கு மண்ணோடு ஒட்டுதலே கிடையாதோ? அடுத்த முறை பெற்றோரை அழைத்துப் போக நினைக்கிறேன். ஒரு நாள் போதுமா?

க., ரிச்மண்ட்

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் வங்கி இருக்கிறது, விடுதி இருக்கிறது, சீட்டாட்டம் இருக்கிறது. அந்த ஊர் எதற்காக இருந்ததோ அந்த நீராவி எஞ்சினைப் பற்றி ஒரு வரி இல்லை. பெற்றோரை நினைத்துக்கொண்டீர்களே, அதற்காக உங்களிடம் அதிகம் கோபப்படவில்லை.

சீட்டாட்டம் சுற்றுலாப் பயணிகளுக்கான கதை, விட்டுவிடுங்கள். விடுதி உண்மை. 1901இல் கட்டினார்கள், 100 அறைகள், 1930இல் எரிந்துபோனது. அது ஆற்றின் அக்கரையில் இருந்ததற்குக் காரணம் உண்டு. இக்கரைக்குச் சொந்தக்காரர் கேப்டன் தர்மண்ட் தீவிர பாப்டிஸ்ட் கிறிஸ்தவர். தன் நிலத்தில் மது கூடாது என்றவர். அக்கரை மெக்கெல் குடும்பத்தின் நிலம்.

மண்ணோடு ஒட்டுதல் என்கிறீர்கள். அங்கே மண் ஏது? நில அளவை வேலைக்குக் கூலியாக 1873இல் கேப்டனுக்குக் கிடைத்த 73 ஏக்கர், செங்குத்து மலைக்கும் நியூ ரிவருக்கும் நடுவே ஒரு விளிம்பு. தண்டவாளம் போக மிஞ்சிய இடத்தில் கடைகள். தெரு கிடையாது, கடையை விட்டு இறங்கினால் தண்டவாளம். அப்படிப்பட்ட ஊர்தான் 1910 வாக்கில் செசபீக் அண்ட் ஒஹாயோ ரயில்வேக்கு சின்சினாட்டியைவிட அதிகச் சரக்கு வருமானம் தந்தது. கட்டிப்போட்டது மண் அல்ல, வேலை. என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை.

பிரதானப் பாதையில் வண்டிகளுக்கு ஆள் மாற்றியது ஹின்டன், ஹாண்ட்லி என்ற வேறு ஊர்களில். தர்மண்டுக்கு வாய்த்தவை நிலக்கரிச் சுரங்க வண்டிகள். காலி வேகன்களை டன்லூப் ஓடைக் கிளைப்பாதையில் மேலே கொண்டுபோய் சுரங்கத்துக்குச் சுரங்கம் விட்டு, நிரம்பியவற்றை எடுத்துவந்து, யார்டில் நீள வண்டியாகக் கோர்க்க வேண்டும். எஞ்சின் ஷெட்டுக்குத் திரும்பியதும் இன்னொரு கூட்டத்தின் வேலை தொடங்கும். முதலில் சாம்பல் குழி. உருகி இறுகிய கசடு தணல்தட்டில் படிந்தால் காற்று ஏறாது, அழுத்தம் இறங்கும். அதை உடைத்துக் கீழே தள்ள வேண்டும். பிறகு கரி, தண்ணீர், சக்கரம் வழுக்காமலிருக்கக் காய்ந்த மணல். மணலில் ஈரமிருந்தால் குழாய் அடைக்கும், ஆகவே மணலைக் காயவைக்கவும் ஆள். மூட்டுகளுக்கு எண்ணெய். கணப்பு அணையாமல் இரவெல்லாம் ஒருவர் காவல்.

இவ்வளவும் அன்றாடப் பாடு. மாதம் ஒருமுறையாவது பாய்லரைக் கழுவ வேண்டும் என்பது அன்றைய கூட்டரசின் சட்டம். நெருப்பை இறக்கி, மெல்லக் குளிரவிட்டு, தண்ணீரை வடித்து, அடைப்பான்களைக் கழற்றி, அழுத்த நீரால் சேற்றை அடித்து வெளியேற்ற வேண்டும். அவசரப்பட்டுக் குளிரவைத்தால் தகடு சுருங்கி இணைப்புகள் கசியும். சேற்றை விட்டுவைத்தால் அந்த இடத்துத் தகடு காய்ந்து பழுக்கும். நெருப்புப் பெட்டியை வெளிச்சுவரோடு பிணைக்கும் நூற்றுக்கணக்கான போல்ட்டுகளைச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டி, ஓசையில் முறிவைக் கண்டுபிடிப்பார்கள். போல்ட்டுக்குள் 3/16 அங்குலத் துளை இருக்கும். அதில் நீராவி கசிந்தால் போல்ட் முறிந்துவிட்டது என்று பொருள். அடுத்தடுத்த இரண்டு முறிந்திருந்தால் எஞ்சின் வெளியே போகக் கூடாது.

இத்தனை கைகளுக்கும் சோறு, படுக்கை, சம்பள நாளில் கடை. எந்த நேரத்தில் எஞ்சின் வந்தாலும் ஆள் வேண்டும். ஆகவே ‘கால் பாய்’ (call boy), அதாவது வேலைக்கு ஆள் கூப்பிடும் பையன், நடுநிசியில் தங்கும் விடுதிக் கதவுகளைத் தட்டினான், உணவகங்களில் அடுப்பு அணையவில்லை. உங்கள் ‘செழிப்பு’ இதுதான். அதில் எல்லோருக்கும் ஒரே பங்கு என்று நினைத்துவிடாதீர்கள்: எஞ்சின் டிரைவர்கள் சங்கம் வெள்ளையரை மட்டுமே சேர்த்துக்கொண்டது.

டீசல் எஞ்சினுக்குச் சாம்பல் இல்லை, கசடு இல்லை, பாய்லர் கழுவல் இல்லை. நான்கைந்தைக் கோர்த்து ஒரே டிரைவர் ஓட்டலாம்; நீராவியில் எஞ்சினுக்கு ஒரு டிரைவர், நெருப்பைக் கவனிக்க ஒரு ஃபயர்மேன். நிலக்கரி ஏற்றியே பிழைத்ததால் இந்த ரயில்வே நீராவியைக் கடைசிவரை விடவில்லை. 1949இல்கூடப் புது நீராவி எஞ்சின்களை வாங்கியது. 1956க்குள் எல்லாம் முடிந்தது. தீவிபத்துகள், 1930களின் வீழ்ச்சி, சாலைகள், தீர்ந்த சுரங்கங்கள் எல்லாம் காரணங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் மற்றவை ஊரை மெலியவைத்தன. டீசல் வந்த பின் அங்கே ஆள் இருக்க அவசியமே இல்லாமல் போயிற்று. விட்டுப் போனார்கள் என்று பழிக்காதீர்கள்.

ஒரு நாள் தாராளம். கார்டினல் ரயில் வாரம் மூன்று நாள்தான், அதுவும் பயணி இருந்தால்தான் நிற்கும்; காரில் போங்கள். பாலத்தில் தண்டவாளத்தின் பக்கத்திலேயே ஒற்றைத் தடம், எதிர்வண்டிக்கு வழி விட வேண்டும். 1904ஆம் ஆண்டின் நிலையம்தான் தேசியப் பூங்காவின் பார்வையாளர் மையம். திறந்திருக்கும் நாளைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். வங்கியைப் படமெடுத்தது போதும். எஞ்சின்களுக்குக் கரி கொட்ட 1922இல் கட்டிய, 500 டன் கொள்ளும் கான்கிரீட் கரிக்கோபுரத்தை அப்பா அம்மாவுக்குக் காட்டுங்கள், எதற்கென்று விளக்கிச் சொல்லுங்கள். தண்டவாளத்தில் மட்டும் ஏறி நிற்காதீர்கள்; பிரதானப் பாதையில் இன்றும் வண்டி ஓடுகிறது.