மர ஸ்டீயரிங் மாட்டுவது: முதலில் பாஸ், அப்புறம்தான் வீல்

என்னிடம் இரண்டு பழைய திறந்த கூரை வண்டிகள் உண்டு: ஒரு எம்ஜிபி, ஒரு முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. இங்கிலாந்தில் அவற்றை ஓட்டிய நேரத்தைவிடக் கராஜில் குனிந்து கிடந்த நேரம்தான் அதிகம். இரண்டிலும் மர ஸ்டீயரிங் வீல் மாட்டியிருக்கிறேன், ஒன்றில் இரண்டாவது முயற்சியில்தான். ஏன் என்பது முதல் பதிலிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: அண்ணா, 1973 எம்ஜிபி வாங்கியிருக்கிறேன். ஒரு மர வீல் கண்ணில் பட்டது, இன்று ராத்திரி ஆர்டர் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். என்னென்ன பார்க்க வேண்டும்?

ஒரு ராத்திரி பொறுங்கள் தம்பி. வீல் நேரடியாக ஸ்டீயரிங் தண்டில் உட்காராது. நடுவில் பாஸ் என்று ஒரு துண்டு வரும். மாட்டு வண்டிச் சக்கரத்துக்குக் குடம் எப்படியோ, ஸ்டீயரிங் வீலுக்கு பாஸ் அப்படி. அதன் உள்பக்கம் தண்டின் பல்வரிசையில் பொருந்தும், வெளிமுகத்தில் வீலைத் திருகுகளால் பிடிப்போம். இந்த இரண்டு பக்கமும் பொருந்த வேண்டும்.

உள்பக்கம் வண்டிக்கு வண்டி மாறும், ஒரே வண்டியில் ஆண்டுக்கு ஆண்டும் மாறும். எம்ஜிபி 1962 முதல் 1980 வரை வந்தது. இடையில் ஸ்டீயரிங் காலம் (column, தண்டும் அதைத் தாங்கும் குழாயும்) மாறியிருக்கிறது. அதனால் "எம்ஜிபி பாஸ்" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். ஆண்டைச் சொல்லுங்கள். முந்தைய சொந்தக்காரர் யாராவது அந்த ஸ்டீயரிங் காலத்தையே மாற்றியிருக்கிறாரா என்றும் பாருங்கள். ஐம்பது வருட வண்டியில் எதுவும் நடந்திருக்கும்.

வெளிமுகம் வீல் செய்தவரைப் பொறுத்தது. மோமோ, ஸ்பார்கோ, ஓஎம்பி வீல்களில் 70 மிமீ விட்டமுள்ள வட்டத்தில் 6 துளைகள். நார்டி, பர்சனல் என்றால் 74 மிமீ வட்டத்தில் 6 துளைகள். பிரிட்டிஷ் வண்டிக்காரர்கள் விரும்பும் மோட்டோ-லிட்டாவின் துளை அமைப்பு இவை இரண்டிலும் சேராது, அதற்கு அவர்களுடைய பாஸையே வாங்குவது நல்லது.

நான் என்ன செய்தேன்? நார்டி வீலை முதலில் வாங்கினேன், ஒரு கடையில் பாஸைத் தனியாக வாங்கினேன். "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்றார்கள். வந்தது 70 மிமீ. சரியான பாஸ் வரும்வரை வீல் வரவேற்பறை அலமாரியில் ஆறு வாரம் அலங்காரப் பொருளாக இருந்தது. பாஸ் கையில் வந்த பிறகு வீலைத் தேடுங்கள்.

கேள்வி: வெறும் 4 மிமீ வித்தியாசம்தானே சார்? புதிதாகத் துளை போட்டுக்கொண்டால் என்ன?

4 மிமீ என்பது விட்டத்தில். ஒவ்வொரு துளையும் நகர வேண்டியது 2 மிமீ மட்டுமே. திருகோ 5 மிமீ தடிமன். ஆக புதுத் துளை பழைய துளைக்குள்ளேயே விழும், எட்டு வடிவத்தில் ஒரு ஓட்டைதான் மிஞ்சும். அதில் திருகு இறுகி நிற்காது. துளைகளைச் சுழற்றி இடைவெளியில் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். கணக்கில் சரிதான், ஆனால் ஆறும் அச்சு பிசகாமல் விழ நல்ல துளைப்பு இயந்திரமும் கையும் வேண்டும். இரண்டு வரிசைத் துளைகளும் போட்ட பாஸ் கடையிலேயே கிடைக்கிறது, அதை வாங்கிவிடுங்கள்.

கேள்வி: எந்த அளவு வீல் எடுக்கலாம்? சின்னதாக இருந்தால்தானே ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி இருக்கும்?

இருக்கும், கூடவே தோள் வலியும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் 400 மிமீ வீலை எடுத்துவிட்டு 350 போட்டால், அதே திருப்பத்துக்குக் கை சுமார் 14 சதவீதம் கூடுதலாக இழுக்க வேண்டும். ஓடும்போது தெரியாது, பார்க்கிங்கில் தெரியும். 1950, 60-களின் ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரிய வீல் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1961-இல் வந்த ஜாகுவார் ஈ-டைப்பின் மர வீலைப் பாருங்கள், தாம்பாளம் மாதிரி இருக்கும்.

எம்எக்ஸ்-5-க்கு 360 எனக்கு வசதியாக இருக்கிறது. எம்ஜிபிக்கு 14 அல்லது 15 அங்குலம். வாங்குமுன் கெட்டி அட்டையில் அதே அளவு வளையம் வெட்டிப் பிடித்துப் பாருங்கள். வேகமானி மறைகிறதா, தொடைக்கும் வீலுக்கும் இடையில் கை போகிறதா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். தட்டையான வீலா குழிவான வீலா என்பதையும் அப்போதே முடிவு செய்யலாம். குழிவானது உங்கள் பக்கம் நெருங்கி வரும், நீண்ட கால் உள்ளவர்களுக்கு அதுதான் நல்லது.

கேள்வி: பழைய வீல் கழன்று வரவே மாட்டேன் என்கிறது. சுத்தியலால் தட்டலாமா?

வேண்டாம். விபத்தில் மடங்கும்படி செய்த ஸ்டீயரிங் காலத்தின் உள்ளே பிளாஸ்டிக் ஊசிகள் இருக்கும். தண்டின் முனையில் அடித்தால் அவை முறியலாம். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் ஸ்டீயரிங் காலம் ஆட ஆரம்பிக்கும்.

முன் சக்கரங்களை நேராக வையுங்கள். நட்டைத் தளர்த்துங்கள், முழுக்கக் கழற்றாமல் மூன்று நான்கு சுற்று விட்டு வையுங்கள். எம்எக்ஸ்-5-இல் இதற்கு 21 மிமீ சாக்கெட். பிறகு வீலை இருபக்கமும் பிடித்து மாறி மாறி அசைத்து இழுங்கள். திடீரென்று விடும்போது அந்த நட்தான் தடுக்கும். முதல் தடவை நான் நட்டை முழுக்கக் கழற்றிவிட்டு இழுத்தேன். வீல் வந்தது, நேராக என் மேலுதட்டுக்கு. அசைத்தும் வராவிட்டால் துருவுக்கான எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள், அப்புறம் புல்லர் (வீலை இழுத்துக் கழற்றும் கருவி) போடுங்கள்.

கழற்றும் முன் தண்டிலும் பழைய வீலின் மையத்திலும் ஒரே கோடாக மார்க்கர் கோடு போட மறக்காதீர்கள்.

கேள்வி: மாட்டிவிட்டேன், ஆனால் நேராக ஓடும்போது வீல் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. டயர் கடையில் ட்ராக் ராடை (முன் சக்கரங்களைத் திருப்பும் தண்டு) சரிசெய்து தருகிறோம் என்கிறார்கள்.

முதலில் எவ்வளவு சாய்வு என்று பாருங்கள். தண்டில் 36 பல் இருந்தால் ஒரு பல் என்பது 10 டிகிரி. ஏறத்தாழ அவ்வளவு சாய்ந்திருந்தால் பாஸைக் கழற்றி ஒரு பல் நகர்த்துங்கள், ட்ராக் ராடைத் தொட வேண்டாம். பழைய வீல் நேராக நின்றது என்றால் வண்டியின் சக்கரங்களில் குற்றமில்லை.

ஒரு பல்லுக்கும் குறைவான சாய்வு என்றால் மட்டும் ட்ராக் ராடுக்குப் போகலாம். ஒரு பக்கம் எவ்வளவு நீட்டுகிறோமோ மறுபக்கம் அவ்வளவு குறைக்க வேண்டும். பெரிய சாய்வை இப்படிச் சரிக்கட்டினால் ரேக் (வீலைத் திருப்பும்போது இடம் வலமாக நகரும் பல் தண்டு) நடுவிலிருந்து விலகிவிடும், இடப்பக்கம் ஒரு அளவு, வலப்பக்கம் வேறு அளவு என்று வண்டி திரும்பும்.

அப்படியே இன்டிகேட்டர் தானாக அணைகிறதா என்றும் பாருங்கள். அதை அணைக்கும் குமிழோ பள்ளமோ பாஸின் பின்புறம் இருக்கும். அது தப்பாக உட்கார்ந்தால் ஒரு பக்கம் அணையும், மறுபக்கம் அணையாது.

கேள்வி: அண்ணை, ஹோர்ன் நிக்காமல் அடிச்சுக்கொண்டே இருக்குது. பக்கத்து வீட்டுக்காரர் வந்திட்டார்!

முதலில் ஹாரன் ஃபியூஸைப் பிடுங்குங்கள் தம்பி, பிறகு மன்னிப்புக் கேளுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஹாரன் பொத்தான் எர்த் பக்கத்தில் இருக்கிறது. அந்த வயர் எங்கே உலோகத்தைத் தொட்டாலும் பொத்தானை அழுத்தியதாகத்தான் வண்டி நினைக்கும். பாஸுக்கும் வீலுக்கும் நடுவில் வயர் நசுங்கி உறை கிழிந்திருக்கும், அல்லது பொத்தானின் பின்னால் உள்ள தகடு வளைந்து பாஸைத் தொட்டுக்கொண்டிருக்கும். இதற்கு நேர்மாறாக ஹாரனே அடிக்கவில்லை என்றால், எர்த் வயர் பாஸில் சரியாகப் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம், அங்கே பெயின்ட்டைச் சுரண்டிவிடுங்கள்.

கேள்வி: என்னுடையது ஏர்பேக் உள்ள மியாட்டா (எம்எக்ஸ்-5-இன் அமெரிக்கப் பெயர்). ஏர்பேக் விளக்கு எரியாமல் இருக்க ஒரு ரெசிஸ்டர் போட்டால் போதும் என்கிறார்கள். எத்தனை ஓம்?

இதற்கு மட்டும் நான் பதில் சொல்ல மாட்டேன். விளக்கு அணையும், ஆனால் பின்னால் ஏர்பேக் இருக்காது. உங்களுக்குத் தெரியும், உங்களிடமிருந்து வாங்குபவருக்குத் தெரியாது.

தினமும் நெடுஞ்சாலையில் போகிற வண்டி என்றால் ஏர்பேக்கை எடுக்காதீர்கள், மரத்துக்காக அதை விட்டுக்கொடுப்பது சரியான பேரம் இல்லை. உங்கள் வீலின் வளையத்தை மட்டும் மரத்தால் மாற்றித் தரும் உள்ளலங்காரப் பட்டறைகள் உண்டு, கேட்டுப் பாருங்கள். பிரிட்டனில் இன்னொரு விஷயம்: தொழிற்சாலையிலேயே ஏர்பேக்கோடு வந்த வண்டியில் அது இல்லை என்று தெரிந்தால் எம்ஓடி என்ற வருடாந்திர வண்டிச் சோதனையில் தேறாது. காப்பீட்டுக்காரரிடமும் சொல்லியாக வேண்டும்.

வேறு வேலைக்காக ஏர்பேக்கைக் கழற்ற நேர்ந்தால்கூட, பேட்டரியின் நெகட்டிவை எடுத்துவிட்டுப் பத்து நிமிடமாவது காத்திருங்கள். மல்டிமீட்டரை ஏர்பேக் கனெக்டரில் வைக்கவே கூடாது, அந்தச் சின்ன மின்னோட்டமே வெடிக்க வைக்கலாம். தூக்கிப் போகும்போது முகப்பு உங்களை விட்டு விலகி இருக்கட்டும், மேசையில் வைக்கும்போது முகப்பு மேலே. கவிழ்த்து வைத்தால் அது ராக்கெட்.

கேள்வி: ஜப்பானிலிருந்து இறக்கிய யூனோஸ் ரோட்ஸ்டர் (எம்எக்ஸ்-5-இன் ஜப்பானியப் பெயர்) பார்த்தேன், மர நார்டி வீல் இருக்கிறது. யாரோ பின்னால் போட்டதா?

அடர்பச்சை நிறம், பழுப்புத் தோல் இருக்கை, கியர் குமிழும் மரம் என்றால் அது வி ஸ்பெஷல் என்ற சிறப்புப் பதிப்பாக இருக்கலாம். 1990-இல் மாஸ்டாவே நார்டி மர வீல் போட்டு ஜப்பானில் விற்றது. எம்எக்ஸ்-5-க்கு மர வீல் பொருந்தாது என்பவர்களுக்கு நான் காட்டும் சாட்சி அதுதான். ஜப்பானில் வண்டிச் சோதனையில் தேற ஹாரன் பொத்தானில் ஹாரன் குறி இருக்க வேண்டும். வீலில் வெறும் முத்திரைப் பொத்தான் இருந்தால், இங்கே வந்த பிறகு யாரோ மாற்றியது என்று சந்தேகப்படலாம்.

கேள்வி: ஐயா, எங்கள் ஊரில் நல்ல தச்சர் இருக்கிறார். தேக்கில் ஒரு வீல் செய்து தருகிறேன் என்கிறார். இங்கே கொண்டுவந்து மாட்டலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். தச்சர் கைத்திறன் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்.

முதலாவது, வளையத்தை எப்படிச் செய்வார்? ஒரே பலகையிலிருந்து வட்டமாக அறுத்தால், வளையத்தில் இரண்டு இடங்களில் மர இழை குறுக்கே ஓடும். அங்கே பிஸ்கட் மாதிரி முறியும். மாட்டு வண்டிச் சக்கரத்தின் வட்டையை யாரும் ஒரே பலகையில் அறுப்பதில்லையே, துண்டு துண்டாகச் சேர்த்து இழை வளைவோடு ஓடும்படிதானே செய்கிறார்கள்? அதே நியாயம் இங்கேயும். துண்டுகளைச் சேர்த்து, அல்லது மெல்லிய பட்டைகளை வளைத்து ஒட்டிச் செய்ய வேண்டும்.

இரண்டாவது, உள்ளே உலோகம் உண்டா? நல்ல வீல்களில் அலுமினியத்தாலான ஆரங்களும் வளையமும் ஒரே சட்டமாக இருக்கும், மரம் அதன் இரு முகங்களிலும் ஒட்டி ரிவெட் அடித்தது. பாரத்தை எடுப்பது உலோகம். உலோகம் இல்லாத வீலை நான் ஓடும் வண்டியில் மாட்ட மாட்டேன், சுவரில் மாட்டுவேன்.

தேக்கில் எண்ணெய்ச் சத்து உண்டு, பசை எளிதில் பிடிக்காது. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனில் துடைத்து, எபாக்சி போட வேண்டும். மஹோகனி, வால்நட் போன்றவற்றில் இந்தத் தொல்லை குறைவு. ஏற்கெனவே உள்ள ஒரு நல்ல சட்டத்துக்கு அவர் தேக்கு போர்த்தித் தந்தால், எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள்.

கேள்வி: வார்னிஷ் செதில் செதிலாக உரிகிறது, ஒரு இடத்தில் விரிசலும் இருக்கிறது. சரிசெய்யலாமா?

விரிசல் ஒட்டுக் கோட்டில் ஓடினால் சரிசெய்யலாம், மெல்லிய எபாக்சியை உள்ளே விட்டுக் கிளாம்ப் போடுங்கள். இழையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனாலோ, வளையத்தை முறுக்கும்போது வாய் திறந்தாலோ, அந்த வீலை ஓய்வுக்கு அனுப்புங்கள்.

வார்னிஷுக்கு, ஆரங்களை டேப்பால் மூடிவிட்டு 240 உப்புத்தாளில் தொடங்கி 400 வரை தேயுங்கள், ரிவெட் தலை தேயாமல். பிறகு வெயிலைத் தாங்கும் படகு வார்னிஷ், மெல்லிசாக ஐந்தாறு பூச்சு, நடுநடுவே லேசான தேய்ப்பு. தடிமனாக ஒரே பூச்சு பூசினால் அடுத்த கோடையில் மறுபடி உரியும். சிலிக்கான் கலந்த பளபளப்பு திரவங்கள் மட்டும் வேண்டவே வேண்டாம், கை வழுக்கும். வண்டியைத் திறந்து நிறுத்தும்போது வீலின் மேல் ஒரு பருத்தித் துண்டைப் போட்டாலே பாதிப் பிரச்சினை வராது.

கேள்வி: வேர்த்த கையில் வழுக்காதா?

வழுக்கும். அந்தக் காலத்து ஓட்டுநர்கள் கையுறை போட்டது வெறும் ஸ்டைலுக்கு இல்லை.

கேள்வி: எல்லாம் முடிந்தது. கடைசியாக எதைப் பார்க்க வேண்டும்? பழைய வீலை விற்றுவிடலாமா?

நடு நட்டை டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள், முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-க்கு 39 முதல் 49 நியூட்டன் மீட்டர். மற்ற வண்டிகளுக்கு அந்தந்தக் கையேடு. ஆறு சின்னத் திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக, கையாலேயே. நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டையும் ஆறு திருகுகளையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

பழைய வீலை விற்காதீர்கள். துணியில் சுற்றி மாடியில் வையுங்கள், பழைய நட்டையும் அதோடு கட்டி. என் எம்ஜிபியின் பழைய வீலை நான் விற்றேன். இரண்டு வருடம் கழித்து அதே மாதிரி ஒன்றை, விற்றதைப் போல் மூன்று மடங்கு கொடுத்து வாங்கினேன்.