புள்ளி நகர்கிறதென்றால் இழை உயிரோடு இருக்கிறது

வடமராட்சியிலிருந்து ஒரு பௌதிகவியல் ஆசிரியை கேட்டிருக்கிறார்:

"கனடாவிலுள்ள பழைய மாணவர்கள் அனுப்பிய பணத்தில், ஈர்ப்பு மாறிலியை அளக்கும் கவெண்டிஷ் முறுக்கல் தராசு ஒன்றை வாங்கினோம். மேல்மாடி ஆய்வுகூடத்தில் வைத்து ஒரு கிழமையாகிறது. சுவரில் விழும் லேசர் புள்ளி ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டு போகிறது, ஓரிடத்தில் நிற்கவில்லை. மேலேயுள்ள ஸ்குரூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம், இன்னும் மோசமாகிறது. வாங்கித்தந்தவரோ இழை பழுது, முழுக்கருவியையும் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், இழை மாற்றிச் சேர்விஸ் செய்ய வாங்கிய விலையில் மூன்றிலொரு பங்கு வரும் என்கிறார். அனுப்பலாமா?"

அனுப்ப வேண்டாம், ரீச்சர். உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. புள்ளி மெதுவாக நகர்கிறது என்கிறீர்கள். இந்தக் கருவியின் பெட்டிக்குள் மெல்லிய இழையொன்றில் ஒரு கோல் தொங்குகிறது. கோலின் இரண்டு முனையிலும் சின்னக் குண்டுகள், நடுவில் லேசரைச் சுவருக்குத் திருப்பும் ஒரு சின்ன முகக் கண்ணாடி. பெரிய குண்டுகள் இரண்டும் பெட்டிக்கு வெளியே. மேலேயுள்ள ஸ்குரூ இழையின் மேல்முனையைத் திருப்பும். இழை அறுந்திருந்தால் கோல் கீழே விழுந்து கிடக்கும், கண்ணாடி அசையாது, புள்ளியும் அசையாது. நகர்கிற புள்ளி, இழை அறாமல் கோலைத் தூக்கி வைத்திருக்கிறது என்பதற்குச் சாட்சி. பழுது என்று சொன்னவர் பெட்டியைத் திறந்து பார்த்தாரா? தொலைபேசியில் கேட்டுவிட்டுச் சொன்னார் என்றால், அவருக்குத் தெரிந்தது இழையின் நிலை அல்ல, உங்கள் பாடசாலையிடம் பணம் இருக்கிறது என்பது மட்டுந்தான்.

முதலில் இந்தக் கருவி அளக்கப்போகும் விசை எவ்வளவு சின்னது என்று பாருங்கள். ஒன்றரைக் கிலோ ஈயக் குண்டு ஒன்றை, 15 கிராம் குண்டொன்றுக்கு நாலரைச் சென்ரிமீற்றர் தூரத்தில் கொண்டுபோய் வைத்தால் இரண்டுக்கும் இடையிலுள்ள இழுவை, ஓர் அரிசிமணியின் நிறையை இலட்சத்துக்கு மேற்பட்ட பங்காக்கினால் வரும் ஒரு பங்குதான். மயிரை விட மெல்லிய உலோக நாடா ஒன்று அந்த இழுவைக்குத் திரும்பிக் கொடுக்கிறது. அப்படிப்பட்ட இழை பயணத்தில் பாரமில்லாமல் தளர்ந்து கிடந்துவிட்டு, திடீரென்று கோலையும் குண்டுகளையும் தூக்கினால் உடனே அடங்குமா? பாரம் ஏறியபின் அது மெல்ல மெல்ல இளகித் தன் இடத்துக்கு வரும். அந்த இளக்கத்தைத்தான் நீங்கள் சுவரில் பார்க்கிறீர்கள். முதல் நாள் வேகமாக நகரும், இரண்டாம் நாள் குறையும், மூன்றாம் நாள் மிகவும் குறைந்துவிடும். ஆனால் நீங்கள் ஒவ்வொரு நாளும் ஸ்குரூவைத் திருப்பி, அதற்குப் புதிதாக ஒரு முறுக்கு ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள்.

ஸ்குரூ விசயத்தில் எல்லாரும் விடுகிற பிழை ஒன்றுதான். இந்தக் கோல் ஒருமுறை போய்த் திரும்ப எட்டிலிருந்து பத்து நிமிடம் எடுக்கும். முழுதாக அடங்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். நாங்களோ திருப்பிவிட்டு இரண்டு நிமிடம் பார்க்கிறோம், புள்ளி எதிர்ப்பக்கம் போகிறது, உடனே மற்றப் பக்கம் திருப்புகிறோம். அலைவின் நடுவில் நின்றுகொண்டு திருத்தினால் ஒரு வருடம் திருத்தினாலும் நடுவுக்கு வராது.

அடங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வழி உண்டு. புள்ளி ஓரத்துக்குப் போய்த் திரும்பும் இடங்களை மட்டும் தொடர்ந்து மூன்று குறியுங்கள். உதாரணமாக 42.0, பிறகு 30.0, பிறகு 39.6 சென்ரிமீற்றர். முதலாவதினதும் மூன்றாவதினதும் சராசரி 40.8. அதையும் 30.0ஐயும் கூட்டி இரண்டால் பிரித்தால் 35.4. புள்ளி கடைசியில் வந்து நிற்கப்போகும் இடம் ஏறக்குறைய அதுதான். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஸ்குரூவை ஒரு மயிரளவு திருப்புங்கள், பின்னர் மறுபடி மூன்று திருப்பங்கள் பாருங்கள். ஒரு திருத்தலுக்குப் பதினைந்து, இருபது நிமிடம் போகும். போகட்டும்.

அதற்கு முன் இடத்தை மாற்றுங்கள். மேல்மாடி இந்தக் கருவிக்குரிய இடமல்ல. பிள்ளைகள் நடந்தால் தளம் அதிரும், சோளகக் காற்றுக்கு யன்னல் அடிபடும், மின்விசிறி வேறு. கீழ்த்தளத்தில், வீதிக்கு எதிர்ப்பக்கமாக, தடித்த சுவருள்ள ஒரு மூலை தேடுங்கள். உங்கள் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக்கல் தட்டும். கல்லின் மேல் நேரே அமர்ந்த பழைய கட்டடத்தின் சீமெந்துத் தளம், விலை கூடிய அதிர்வு தாங்கும் மேசையை விட நல்லது. மேசன் ஒருவரைப் பிடித்து இடுப்பளவு உயரத்தில் ஒரு சின்னத் தூண் கட்டுவித்தால் ஆயுளுக்கும் போதும். பெட்டியை வெயில் தொடக்கூடாது. ஒரு பக்கம் சூடானால் உள்ளே காற்று ஏறி இறங்கி, கோலைத் தள்ளிக்கொண்டு போகும். கவெண்டிஷ் 1797-98இல் இந்தப் பரிசோதனையைச் செய்தபோது கருவியை ஓர் அறைக்குள் பூட்டிவிட்டு, தான் வெளியே நின்று சுவரில் பொருத்திய தொலைநோக்கியால் பார்த்தார். தன் உடம்புச் சூடே கணக்கைக் கெடுக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய ஈயக் குண்டுகள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 158 கிலோ. உங்களுடையது ஒன்றரைக் கிலோ. அவரை விட நீங்கள் கவனமாக இருக்க வேண்டும்.

கருவியைத் தூக்க முன் கோலைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்குரூக்கள் இரண்டையும் உயர்த்தி, கோலை அதன்மேல் உட்காரவிடுங்கள். இதை மறந்துதான் எங்கள் நாட்டில் இழைகள் அறுகின்றன. மேசையிலிருந்து மேசைக்கு ஓரடி நகர்த்துவதென்றாலும் இதே முறை. புதிய இடத்தில் கால் ஸ்குரூக்களால் மட்டம் பார்த்து, தொங்கும் கோல் பெட்டிக்கு நட்டநடுவில் வரும்படி செய்யுங்கள். பெட்டியின் உலோகப் பகுதியிலிருந்து ஒரு கம்பியை நிலத்தொடுப்புக்குக் கொடுங்கள். கண்ணாடிப் பக்கங்களைக் காய்ந்த துணியால் துடைத்தால் மின்னேற்றம் ஏறிச் சின்னக் குண்டை இழுத்து ஒட்டவைக்கும், ஆகவே துடைக்கவே வேண்டாம். பிறகு தாங்கி ஸ்குரூக்களை மிக மெதுவாக, இரண்டு பக்கமும் சமமாக இறக்குங்கள். இவ்வளவையும் வெள்ளிக்கிழமை பின்னேரம் செய்து, அறையைப் பூட்டித் திறப்பை அதிபரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். சனியும் ஞாயிறும் யாரும் அந்த அறைக்குள் போகக்கூடாது.

திங்கட்கிழமை புள்ளி அடங்கி நிற்கும். பெரிய குண்டுகளை மெதுவாக மறுபக்கம் திருப்பி அலைவைத் தொடக்கிவிட்டு, ஒரு மாணவியை இருத்தி, அரை நிமிடத்துக்கு ஒருமுறை புள்ளியின் இடத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். முப்பது நிமிடம் போதும். வரைபுத் தாளில் போட்டுப் பாருங்கள். வளைவு வழுவழுப்பாக ஏறி இறங்கி, வரவரச் சிறுத்துக்கொண்டு போனால் எல்லாம் சரி. ஒரு பக்கம் மட்டும் வளையாமல் முனையாகத் திரும்பினால் குண்டு பெட்டிச் சுவரில் முட்டித் திரும்புகிறது, மட்டத்தையும் ஸ்குரூவையும் பார்க்க வேண்டும். வளைவு முழுக்கப் பொடிப்பொடியாக நடுங்கினால் அது அதிர்வு. அந்தத் தாள் சொல்லாததை எந்தச் சேர்விஸ்காரரும் சொல்லப்போவதில்லை.

இனி நான் உங்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய விசயத்துக்கு வருகிறேன். இழையை மாற்றித் தருகிறோம் என்று வாங்கிப்போகிறவர்கள், எந்த இழையைப் போடுகிறார்கள் என்று யார் பார்க்கிறார்கள்? நாடா இழையின் விறைப்பு, தடிப்பு × தடிப்பு × தடிப்பு என்ற பெருக்கத்துக்கேற்பக் கூடும். தடிப்பு கால்பங்கு கூடினாலே விறைப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். புள்ளி அசையும் தூரம் பாதியாகும். தடித்த இழை சுலபத்தில் அறாது, போட்டவருக்கு முறைப்பாடு வராது. புள்ளியும் கெதியாகப் போய்த் திரும்பும், "பாருங்கள், எவ்வளவு நேர்த்தியாக வேலை செய்கிறது" என்பார். அளவு மட்டும் கிடைக்காது.

இதைக் கண்டுபிடிக்க நீங்கள் இழையைத் தொடக்கூட வேண்டாம். அதன் சாதகத்தை அலைவு காலம் சொல்லிவிடும். கைந்நூலில் எட்டு நிமிடம் என்று போட்டிருக்க, உங்களுக்கு ஐந்தே முக்கால் நிமிடம் வந்தால், உள்ளே இருப்பது கால்பங்கு தடித்த இழை. இன்றைக்கே அலைவு காலத்தை அளந்து, திகதியோடு எழுதி, அதிபரின் கையொப்பத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெரிய குண்டுகள். சில வருடங்களுக்கு முன் ஒரு பாடசாலையில் என்னிடம் காட்டிய குண்டுகள் சாம்பல் நிறப் பெயின்ற் பூசி அழகாக இருந்தன. சட்டைப் பையிலிருந்த சின்னக் காந்தத்தை எடுத்துக் கிட்டக் கொண்டுபோனேன், டக்கென்று ஒட்டிக்கொண்டது. இரும்பு! ஈயத்தின் விலைக்கு இரும்பை விற்றிருக்கிறார்கள். காந்த இழுவை சிறிதளவு கலந்தாலே ஈர்ப்பை மூடிவிடும். அந்த ஆசிரியர் இரண்டு தவணை தன் கணக்கில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவருடைய முகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. உங்கள் குண்டுகளைக் காந்தத்தால் பாருங்கள். வேணியரால் விட்டத்தையும் அளந்து பாருங்கள். 6.3 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஈயக் குண்டு ஒன்றரைக் கிலோ இருக்கும். அதே பருமனில் இரும்பு ஒரு கிலோவைச் சற்றுத்தான் தாண்டும். சின்னக் குண்டின் திணிவைச் சரியாக அறிய, மாற்றுக் குண்டு தந்திருந்தால் அதை யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் தெரிந்த நகைக்கடை ஒன்றுக்குக் கொண்டுபோய் நிறுத்துப் பாருங்கள்.

புள்ளி நகர்ந்துகொண்டிருக்கையில் அளவு எடுக்காதீர்கள் என்பதுதான் பொது விதி. அதற்கு ஒரு விலக்கு உண்டு. அதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு அநேகமாக அது தேவைப்படும். மூன்று நாள் கழித்தும் சிறு நகர்வு மிஞ்சியிருக்கலாம். அது ஒரே திசையில், ஒரே சீராக இருந்தால் பயமில்லாமல் அளக்கலாம், ஆனால் பெரிய குண்டுகளைச் சின்னக் குண்டுகளின் ஒரு பக்கம், மறுபக்கம் என்று இரண்டு நிலையில் வைத்து இரண்டு அளவு எடுத்தால் போதாது. முதல் நிலை, இரண்டாம் நிலை, திரும்பவும் முதல் நிலை என்று மூன்று எடுங்கள், நேர இடைவெளி இரண்டும் சமமாக இருக்கட்டும். முதல் நிலையில் 35.4, இரண்டாம் நிலையில் 47.0, திரும்ப முதல் நிலையில் 37.0 என்று வைப்போம். நகர்வு இல்லாவிட்டால் முதலாவதும் மூன்றாவதும் ஒன்றாக இருந்திருக்கும். இரண்டின் சராசரி 36.2. இரண்டாம் அளவு எடுத்த நேரத்தில் முதல் நிலை எங்கே இருந்திருக்குமோ அது இந்த எண்தான். ஆகவே உண்மையான வித்தியாசம் 10.8. முதல் இரண்டை மட்டும் எடுத்திருந்தால் 11.6 என்று எழுதி, நூற்றுக்கு ஏழு பிழையோடு போயிருப்பீர்கள். சந்தேகம் இருந்தால் நாலாவதாக இரண்டாம் நிலைக்கு மறுபடி போங்கள். 48.6 அளவில் வந்தால் நகர்வு சீரானதுதான். 50 என்று வந்தால் சீரில்லை, அன்றைய அளவுகளை விட்டுவிடுங்கள். பூட்டிய முதல் நாளில் இந்த விலக்கு செல்லாது, அன்று நகர்வு மணிக்கு மணி மாறும். குண்டு சுவரில் முட்டுகிற கருவிக்கும் செல்லாது. பெரிய குண்டுகளை ஒரு நிலையிலிருந்து மற்றதற்குத் திருப்பும்போது பெட்டியில் தட்டவே கூடாது, தட்டினால் அந்தத் தொடர் முழுவதும் பாழ்.

உண்மையாகவே ஒருநாள் இழை அறுந்தால்? அதுவும் இங்கேயே செய்யக்கூடிய வேலை. தொண்ணூறுகளில், யுத்த காலத்தில், யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை. அந்த நாட்களில் சின்ன மின்னோட்டங்களை அளக்கும் கல்வனோமானியின் தொங்கல் நாடா அறுந்தால், செத்துப்போன இன்னொரு கல்வனோமானியிலிருந்து நாடாவைக் கழற்றி, சைக்கிள் டைனமோ வெளிச்சத்தில் பூட்டினோம். நகைப் பத்தர் ஒருவரிடம் கடன் வாங்கிய சாவணம்தான் ஆயுதம். மூச்சை அடக்கிக்கொண்டு, நாடாவின் நடுவைத் தொடாமல் முனையிலுள்ள தகட்டை மட்டும் பிடிக்க வேண்டும் என்று அந்தப் பத்தர்தான் எனக்குக் காட்டித்தந்தார். நடுவில் ஒருமுறை மடிந்த நாடாவை நேராக்கிப் பயனில்லை, எறிந்துவிடுங்கள். உங்கள் இழை பெரிலியம் செம்பாக இருந்தால் அரம் போடவோ உரசவோ வேண்டாம், அதன் தூசி சுவாசப்பைக்குக் கேடு.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். இலட்சக்கணக்கில் கருவி வாங்க அனுமதி கிடைக்கிறது, உதிரி இழைப் பொதியொன்று வாங்கக் கேட்டால் அதற்குச் செலவுத் தலைப்பு இல்லை என்று கோப்பு திரும்பி வருகிறது. கேள்விப்பத்திரத்தில் (ரென்டரில்) விலைக்கு நிரல் உண்டு, வந்து பூட்டிக் காட்டுகிறவருக்கு நிரல் இல்லை. இன்வென்ரறிப் புத்தகத்தில் ஏறிய பொருளைத் திறந்தால் யார் பொறுப்பு என்று ஆய்வுகூட உதவியாளர் பயப்படுகிறார். திறக்காமல் அலுமாரியில் பத்து வருடம் கிடந்து பழுதானால் யாரும் பொறுப்பில்லை! பழைய மாணவர் சங்கத்துக்கு எழுதும்போது சேர்விஸ் செலவு கேட்காதீர்கள். கருவியைச் செய்த நிறுவனத்திடம் இருந்து மூன்று இழைகளை, தடிப்பும் நீளமும் அச்சிட்ட பொதியோடு, நேரே வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். கடித உறைக்குள் அடங்கும் பொருள் அது.

திங்கட்கிழமை வரைபுத் தாள் கிடைத்ததும், அலைவு காலத்தையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். முனையாகத் திரும்புகிற வளைவாக இருந்தால், எந்தக் கால் ஸ்குரூவை எவ்வளவு திருப்புவது என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை மேலேயுள்ள ஸ்குரூவை யாரும் தொடாதபடி அதன்மேல் ஒரு காகிதத் தொப்பி போட்டு ஒட்டிவிடுங்கள்.