தொடாமலே விமானம் சாய்கிறதே, ஜாய்ஸ்டிக் பழுதா?

கேள்வி: மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020 என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தை ஓட்டிப் பழகுகிறேன். ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்துவிட்டாலும் விமானம் இடதுபக்கமே சாய்கிறது. டெட் ஸோனை (ஸ்டிக்கின் நடுவில் அசைவு கணக்கில் வராத பகுதியை) 20 வரை கூட்டியும் சரியாகவில்லை. அதே கம்ப்யூட்டரில் ரட்டர் (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பலகை) பெடலும் எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரும் செருகியிருக்கின்றன.

பதில்: முதலில் அந்த டெட் ஸோனைப் பழையபடி குறையுங்கள். ஸ்டிக் நடுவில் லேசாக நடுங்கினால் அதைக் கண்டுகொள்ளாமல் விடுவதற்குத்தான் அது. 20 வைத்தால், தரையிறங்கும்போது செய்ய வேண்டிய சின்னச் சின்னத் திருத்தங்கள் எல்லாம் விமானத்துக்குப் போய்ச் சேராது.

எனக்குச் சந்தேகம் உங்கள் எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர் மேல்தான். இந்த சிமுலேட்டர், செருகியிருக்கும் தெரிந்த கருவி ஒவ்வொன்றுக்கும் தானாகவே ஒரு புரொஃபைல், அதாவது எந்த அசைவு எதை இயக்கும் என்ற பட்டியல், போட்டுவிடும். அதனால் எய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைப் பலகை) உங்கள் ஸ்டிக்கிலும் இருக்கும், கண்ட்ரோலரின் குட்டி ஸ்டிக்கிலும் இருக்கும், அது நடுவில் சரியாக நிற்காவிட்டால் விமானம் சாயத்தான் செய்யும். கண்ட்ரோலரைக் கழற்றிவிட்டுப் பறந்து பாருங்கள். ரட்டரும் அப்படித்தான், ஸ்டிக்கை முறுக்கினாலும் ரட்டர், பெடலை மிதித்தாலும் ரட்டர் என்று இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடும், பெடல் இருப்பதால் முறுக்கும் ஆக்சிஸிலிருந்து (ஸ்டிக் அசையும் திசை ஒவ்வொன்றும் ஓர் ஆக்சிஸ்) ரட்டரை நீக்கிவிடுங்கள்.

அப்படியும் சாய்ந்தால் சிமுலேட்டரை மூடிவிட்டு, விண்டோஸ் தேடலில் யுஎஸ்பி கேம் கண்ட்ரோலர் அமைப்பைத் திறந்து, ஸ்டிக்கைத் தொடாமல் அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் கூட்டல் குறியைப் பாருங்கள். அது நடுவில் இல்லையென்றால் காலிபரேட் செய்ய வேண்டும், அதாவது ஸ்டிக்கின் நடுவும் ஓரமும் எங்கே என்று விண்டோஸுக்குக் காட்ட வேண்டும். நடு நிலையைக் கேட்கும்போது கையை முழுவதுமாக எடுத்துவிட வேண்டும், ஓரங்களைக் கேட்கும்போது நான்கு மூலையும் தொடும்படி நிதானமாகச் சுழற்ற வேண்டும். செய்த பிறகு நிலைமை மோசமானால் பயம் வேண்டாம், அங்கேயே பழைய அமைப்புக்குத் திரும்பும் பட்டன் இருக்கிறது.

கூட்டல் குறி திடீர் திடீரென்று துள்ளுகிறதா? அதைக் காலிபரேட் செய்து சரிக்கட்ட முடியாது. விலை குறைந்த ஸ்டிக்குகளில் அசைவை அளக்க இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் என்ற பாகம் உரசி உரசித் தேயும், தூசியும் சேரும். ஹால் சென்சார் காந்தத்தை வைத்து அளப்பதால் அந்தத் தேய்மானம் இல்லை. த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் என்ற ஸ்டிக்கில் முக்கியமான இரண்டு ஆக்சிஸும் ஹால் சென்சார்தான், முறுக்குவது மட்டும் அப்படியல்ல.

இன்னொன்று, ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது மட்டும் மூக்கு இடப்பக்கம் போகிறது என்றால் உங்கள் ஸ்டிக்கில் குறையே இல்லை. செஸ்னாவின் ப்ரொப்பெல்லர் விமானி பார்வையில் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது, அது கிளப்பும் காற்று சுழன்று வந்து வாலில் மோதுகிறது, நிஜ விமானிகளும் வலது பெடலை மிதித்துத்தான் நேராக ஓட்டுகிறார்கள்.

கேள்வி: இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் லீவரைப் பாதி தூரம் தள்ளிய பிறகுதான் இன்ஜின் வேகமெடுக்கிறது. ஏன்?

பதில்: சிமுலேட்டரின் பட்டியலில் த்ராட்டில் ஆக்சிஸ் இரண்டு விதமாக இருக்கிறது, ஒன்றின் பெயரில் 0 முதல் 100 சதவீதம் என்று சேர்ந்திருக்கும். இப்போது இருப்பதை நீக்கிவிட்டு மற்றதைப் போட்டுப் பாருங்கள். தள்ளினால் குறைந்து இழுத்தால் கூடுகிறது என்றால் ஆக்சிஸைத் தலைகீழாக்கும் கட்டத்தில் டிக் செய்தால் போதும்.

கேள்வி: ஆக்சிஸ் எல்லாம் சரியாக அமைந்துவிட்டதா என்று பறப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு, நிஜ விமானி ஒவ்வொரு முறையும் செய்கிற சோதனையே அது. வெளிப்பார்வைக்கு மாறி, விமானத்தின் பின்னால் நின்று பாருங்கள். ஸ்டிக்கை வலப்பக்கம் சாய்த்தால் வலது எய்லரான் மேலேயும் இடது எய்லரான் கீழேயும் போக வேண்டும். இழுத்தால் எலிவேட்டரின் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையின்) பின்விளிம்பு மேலே வர வேண்டும். வலது பெடலுக்கு ரட்டர் வலப்பக்கம் திரும்ப வேண்டும். கையையும் காலையும் எடுத்ததும் மூன்றும் நடுவுக்குத் திரும்ப வேண்டும்.

சென்சிட்டிவிட்டியை, அதாவது ஸ்டிக் அசைவுக்கு விமானம் எவ்வளவு வேகமாகப் பதில் தர வேண்டும் என்ற அமைப்பை, இதற்கெல்லாம் அப்புறம் தொடுங்கள். மேஜை ஸ்டிக் அசையும் தூரம் நிஜ செஸ்னாவில் விமானி பிடிக்கும் யோக் என்ற கைப்பிடியைவிட மிகக் குறைவு, அதனால் லேசாகத் தொட்டாலே மூக்கு எகிறும். எய்லரானுக்கும் எலிவேட்டருக்கும் மைனஸ் 30 அளவில் தொடங்கினால் நடுப்பகுதி மென்மையாகிவிடும், ஓரத்தில் முழு அசைவும் அப்படியே கிடைக்கும்.