டேக் என்றால் எடு அல்ல

ஐயா,
தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். எட்டு வயது மகளுக்கு வீட்டில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ‘டேக் (take) = எடு’ என்று தாளில் எழுதி ஃபிரிஜ்ஜில் ஒட்டிவைத்தேன். இப்போது ‘மருந்து எடுத்தேன்’, ‘குளியல் எடுத்தேன்’ என்கிறாள். டேக்குக்குச் சரியான ஒரே தமிழ்ச் சொல் எது? அது எங்கிருந்து வந்தது? இங்குள்ள சூலு மொழியில் ‘தாத்தா’ என்றாலும் எடு என்றுதான் பொருளாம். தமிழிலிருந்து போயிருக்குமோ?

அன்புள்ள அம்மா,

சூலு தாத்தாவுக்கும் நம் வீட்டுத் தாத்தாவுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அக்காள் தங்கை மொழியான க்ஹோசாவிலும் அதே சொல்தான். காதில் ஒன்றாக விழுவதையெல்லாம் தமிழ் என்று சொந்தம் கொண்டாடும் பழக்கத்தைப் பிள்ளைக்குப் பழக்கிவிடாதீர்கள்.

அவள்மேல் தப்பில்லை. தாள் சொன்னதைச் செய்தாள். சென்னைப் பத்திரிகைகள் அன்றாடம் ‘ஓய்வு எடுத்தார்’, ‘நடவடிக்கை எடுத்தார்’ என்று எழுதுகின்றன. பெரியவர்கள் எழுதினால் செய்தி, குழந்தை சொன்னால் பிழையா? ‘ஓய்வெடுத்தார்’ என்பதற்கு ‘இளைப்பாறினார்’ என்று ஒரு சொல் இருந்தது.

டேக் ஆங்கிலத்துக்கே இரவல் சரக்கு. ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் இங்கிலாந்தில் குடியேறியபோது கொண்டுவந்த நார்ஸ் மொழிச் சொல் ‘டாக்கா’. அதற்கு முன்பு ஆங்கிலேயன் சொன்னது ‘நிமன்’. ஜெர்மன்காரர் இன்றும் ‘நேமென்’ என்கிறார்கள். பள்ளியில் ஜெர்மனுக்கு உறவான ஆஃப்ரிகான்ஸ் மொழி படித்திருந்தால் ‘நியெம்’ உங்களுக்கே தெரிந்திருக்கும்; ஆங்கிலம் தொலைத்த சொல் நம் ஊரில் அடுத்த பாடப் புத்தகத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் மிஞ்சியது துணுக்குகள்தான். கை மரத்துப்போனால் ‘நம்ப்’ என்கிறார்களே, ‘பிடிக்கப்பட்டது’ என்பது அதன் பழைய பொருள். சுறுசுறுப்பான ஆளைச் சொல்லும் ‘நிம்பிள்’ என்றால் சட்டென்று பற்றுகிறவன். ‘நிம்’ என்ற வினை கடைசியில் திருட்டைக் குறிக்கும் கொச்சையாகச் சுருங்கிப் போய்ச்சேர்ந்தது.

இதே கதை தமிழிலும் நடந்திருக்கிறது. எடு என்றால் அடிப்படையில் உயர்த்து, தூக்கு. பாம்பு படம் எடுக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் ‘நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி’ என்கிறான். எழுப்பச் செய்த கோயில் என்று பொருள். ஒன்றை வாங்கித் தன்னதாக்கிக்கொள்வதற்கு நம் சொல் ‘கொள்’. கடையில் கொள்முதல், சம்பந்தத்தில் கொள்வினை கொடுப்பினை, பாத்திரத்துக்குக் கொள்கலம், திருட்டுக்குக் கொள்ளை. நிமனைப் போலவே இதுவும் கொஞ்சம் திருட்டுப் பக்கம் சாய்ந்திருப்பதைக் கவனியுங்கள்! தனி வினையாகப் பேச்சில் தேய்ந்துவிட்டாலும், மற்ற வினைகளின் வாலில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘இந்தா, எடுத்துக்கோ’ என்கிறீர்களே, அந்த ‘கோ’ அதுதான். ‘கொண்டா’ என்பது ‘கொண்டு வா’. ஆங்கிலத்தில் இங்கே கொண்டுவந்தால் ஒரு வினை, அங்கே கொண்டுபோனால் டேக் என்று வேறு வினை. தமிழில் கொண்டு மாறாது. வாவும் போவும் திசையைக் காட்டிவிடும்.

ஆக, ஒரே சொல் என்று தேடுவதை விடுங்கள். ‘டேக் எ வாக்’ என்பதில் நடப்பது ‘வாக்’தான், டேக் வெறும் சுமைதூக்கி. குளியலிலும் அப்படியே. பிரிட்டிஷ்காரர் அங்கே ‘ஹேவ்’ போட்டுப் பேசினாலும் குளியல் குறையவில்லை. சுமக்கிற சொல்லைக் கீழே போட்டுவிட்டுப் பொருளைப் பாருங்கள். குளியல் என்றால் குளி. மருந்தைக் குடி, மாத்திரையைப் போடு. பஸ்ஸைப் பிடி. டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் போக ஒரு மணி நேரம் ஆகும். நேரத்தை யாரும் எடுப்பதில்லை. போட்டோகூட ஒரு காலத்தில் பிடித்ததுதான், எடு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அதை மாற்றச் சொல்லவில்லை, அது நிலைத்துவிட்டது.

அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். புதுத்தாளில் இடப்பக்கம் பெயர்ச்சொல், வலப்பக்கம் அதற்குரிய வினை என்று வாரத்துக்கு ஐந்து ஜோடி எழுதுங்கள், போதும். ஆங்கிலம் அந்தத் தாளில் வேண்டாம். ‘மருந்து எடுத்தேன்’ என்றால் உடனே திருத்தாமல், “அலமாரியிலிருந்தா?” என்று கேளுங்கள்.